கயிறு பொய் சொல்லாது!



ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாடகம் முடிந்துவிட்டது. மக்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அரங்கம் காலி. ஆனால், மேடையில் மட்டும் விளக்குகள் எரிகின்றன. நீளமான விருந்து மேசை. அதன் மேல் பூக்கள், பலகாரங்கள். அன்று கதாநாயகிக்குப் பிறந்தநாள்!

நாடகக் குழுவின் முதலாளிதான் அவளுடைய கணவர். மனைவியை ஆச்சரியப்படுத்த அவர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். மேடைக்கு மேலே இருட்டில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு பெரிய மதுப் பாட்டில் கயிற்றில் தொங்குகிறது. மேசையருகே கட்டியுள்ள கயிற்றைக் கதாநாயகி வெட்டினால், பாட்டில் மெல்ல மெல்ல இறங்கி வந்து, மேசை நடுவே உள்ள பூக்குவியலில் உட்கார வேண்டும். முன்பே ஒத்திகை பார்த்தாயிற்று. சரியாகத்தான் வேலை செய்தது.

எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். கதாநாயகி கயிற்றை வெட்டுகிறாள்.

பாட்டில் மெல்ல இறங்கவில்லை. 'சடார்' என்று விழுந்தது! கீழே அமர்ந்திருந்த முதலாளியின் தலையில்!

விபத்தா? சதியா? சதி என்றால், செய்தது யார்?

பயப்படாதீர்கள். இது கதைதான். 1937ஆம் ஆண்டு வெளிவந்த 'விண்டேஜ் மர்டர்' என்ற ஆங்கிலத் துப்பறியும் நாவல். 'விண்டேஜ்' என்றால் நல்ல விளைச்சல் கண்ட ஓர் ஆண்டின் திராட்சையிலிருந்து எடுத்த உயர்ந்த மது. கொலைக்கருவியே மதுப் பாட்டில் என்பதால் இந்தப் பெயர்!

பெயரிலேயே ஒரு புதிர்

இந்த நாவலை எழுதியவர் ஒரு பெண்மணி. நியூசிலாந்து நாட்டவர். அவர் பெயரை எழுத நம் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. நம் மெய்யெழுத்து வரிசையில் 'க்' அடுத்து வருவது என்ன? 'ங்'. ஆனால், 'ங'வில் தொடங்கும் சொல் கேட்டால் எல்லாரும் விழிப்பீர்கள்! நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்களின் மொழியில் அப்படிப்பட்ட சொற்கள் நிறைய உண்டு. அதில் ஒன்று 'ஙையோ'. அது ஒரு மரத்தின் பெயர். அதன் இலையைக் கசக்கித் தோலில் பூசிக்கொண்டால் கொசு அண்டாது என்பது மாவோரி மக்களின் கைவைத்தியம்.

அந்த மரத்தின் பெயரைத்தான் பெற்றோர் தங்கள் மகளுக்கு வைத்தார்கள். ஆங்கிலம் பேசுவோர் வாயில் அது 'நையோ' ஆகிவிட்டது. முழுப்பெயர் ஈடித் நையோ மார்ஷ்.

1895 ஏப்ரல் 23ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தார். ஏப்ரல் 23 என்றதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்குமே? ஆமாம், நாடக மேதை ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவதும் அதே நாள்தான்! அப்பா வங்கி எழுத்தர். அம்மாவுக்கு நடிப்பில் நல்ல திறமை. வீட்டிலேயே நாடகப் பேச்சுதான்.

நையோ முதலில் ஓவியம் படித்தார். 1920 வாக்கில், ஆலன் வில்கி என்ற நடிகரின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு நியூசிலாந்து வந்தது. அதில் நடிகையாகச் சேர்ந்து, சில மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றினார். பெட்டி கட்டுவது, ரயில் ஏறுவது, புது ஊரில் இறங்குவது, மேடை போடுவது, வேஷம் கட்டுவது, மறுபடியும் பெட்டி கட்டுவது! அந்த வாழ்க்கை அவர் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து எழுதிய 'விண்டேஜ் மர்டர்' நாவலும் இரவு ரயிலில்தான் தொடங்குகிறது. ஆங்கிலேய நாடகக் குழு ஒன்று நியூசிலாந்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பயணத்தின் நினைவாக, நாவலை வில்கிக்கும் அவர் மனைவிக்குமே காணிக்கையாக்கினார் நையோ.

நடிகர் பெயரில் ஒரு துப்பறிவாளர்

1928இல் நையோ இங்கிலாந்து சென்றார். லண்டனில் ஒரு நாள் விடாமல் மழை. வெளியே போக முடியவில்லை. துப்பறியும் கதை ஒன்றைப் படித்து முடித்தார். 'நாமே ஒன்று எழுதினால் என்ன?' என்று தோன்றியது. கடைக்குப் போய், மலிவான நோட்டுப் புத்தகங்களும் பென்சிலும் வாங்கி வந்து எழுத உட்கார்ந்துவிட்டார்! அந்த முதல் நாவல் 1934இல் வெளிவந்தது. அதன்பின் நிறுத்தவில்லை. மொத்தம் 32 நாவல்கள்!

எல்லா நாவல்களிலும் துப்பறிபவர் ஒருவர்தான். லண்டன் ஸ்காட்லாந்து யார்டு காவல்துறையைச் சேர்ந்த ரோடரிக் ஆலன். இந்த 'ஆலன்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஷேக்ஸ்பியர் காலத்தில் எட்வர்ட் ஆலன் என்று புகழ்பெற்ற நடிகர் ஒருவர் இருந்தார். அவர் 1619இல் லண்டனில் ஒரு பள்ளியை நிறுவினார். பெயர் டல்லிச் கல்லூரி. நையோவின் அப்பா படித்த பள்ளி அது! அப்பாவின் பள்ளியை நினைத்து, பழைய நடிகரின் பெயரைத் தம் துப்பறிவாளருக்குச் சூட்டிவிட்டார் மகள்.

எல்லாரும் நடிகர்கள்!

சரி, மேடைக்குத் திரும்புவோம். பிறந்தநாள் விருந்துக்கு வந்த விருந்தாளிகளில் ஆலனும் ஒருவர். அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வெடுக்க நியூசிலாந்து வந்தவர். ஓய்வு கிடைத்ததா? கண் முன்னாலேயே கொலை நடந்துவிட்டதே! உள்ளூர் காவல்துறைக்கு உதவ வேண்டியதாகிவிட்டது.

இங்கேதான் பெரிய சிக்கல். சாதாரணமாகக் காவலர்கள் விசாரிக்கும்போது என்ன பார்ப்பார்கள்? முகம் வெளுக்கிறதா, குரல் நடுங்குகிறதா, கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால், இங்கே விசாரிக்கப்படுகிறவர்கள் யார்? நடிகர்கள்! தினமும் மாலையில் காசு வாங்கிக்கொண்டு அழுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், பயப்படுகிறவர்கள்! அவர்களில் யார் உண்மையாக அழுகிறார், யார் நடிக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம் என்பது ஆலனுக்குத் தெரியும். அதனால், நடிக்கத் தெரியாத ஒன்றைப் பார்க்க மேலே ஏறிப் போகிறார். அது என்ன? கயிறு!

மேடைக்கு மேலே என்ன இருக்கிறது?

நாடக அரங்கில் நாம் பார்ப்பது பாதிதான். மேடைக்கு மேலே, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், பரண் மாதிரி நடைபாதைகள் இருக்கும். ஏணி வைத்து ஏறிப் போக வேண்டும். அங்கே கப்பிகள், கயிறுகள், எடைகள். காடு, அரண்மனை என்று வரைந்த படுதாக்களை இறக்குவதும் ஏற்றுவதும் அங்கிருந்துதான்.

கிணற்றில் நீர் இறைக்கும் கப்பியைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனையில் வாளி, மறுமுனையில் உங்கள் கை. பாதியில் கையை விட்டுவிட்டால்? வாளி 'தடதட'வென்று கிணற்றுக்குள் போய்விடும். கைக்குப் பதிலாக, ஏறக்குறைய வாளியின் எடையே உள்ள ஒரு கல்லைக் கட்டினால்? வாளி அவ்வளவு வேகமாகப் போகாது. இந்தக் கல்லுக்குப் பெயர்தான் எதிர் எடை. நாம் ஏறும் லிப்டுகளிலும் பெரும்பாலும் இதே தந்திரம்தான்.

கதையில் வரும் பாட்டில் சாதாரணப் பாட்டில் இல்லை. 'ஜெரபோம்' என்ற பெரிய வகை. நான்கு பாட்டில் கொள்ளளவு, அதாவது 3 லிட்டர் பிடிக்கும். கனத்த கண்ணாடியையும் சேர்த்து 5 கிலோ என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். உயரம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கப்பியின் உராய்வை விட்டுவிடுவோம்.

கயிற்றின் மறுமுனையில் 4.8 கிலோ எதிர் எடை இருந்தால், பாட்டில் கீழே வர சுமார் 7 நொடி ஆகும். வந்து சேரும்போது வேகம் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர். நாம் நடக்கும் வேகம்தான்!

எதிர் எடையே இல்லாவிட்டால்? 1 நொடிதான்! வேகம் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர்!

வெறும் 200 கிராம் வித்தியாசத்தில் பூப்போல இறங்கியது, எதிர் எடையை எடுத்துவிட்டால் இடிபோல விழுகிறது. பாட்டில் அதேதான். உயரமும் அதேதான். மாறியது ஒன்றே ஒன்றுதான்.

மேலே ஏறிப் பார்த்த ஆலனுக்கு விஷயம் புரிந்தது. கயிற்றின் மறுமுனையில் இருக்க வேண்டிய எடை இல்லை! ஒத்திகையில் சரியாக வேலை செய்த ஏற்பாடு தானாகக் கெடவில்லை. யாரோ ஏணியில் ஏறிப் போய் எடையை எடுத்திருக்கிறார்கள்.

இனிமேல் கேள்விகள் தெளிவாகிவிடுகின்றன. நாடகம் முடிந்ததற்கும் விருந்து தொடங்கியதற்கும் இடையே யார் யார் எங்கே இருந்தார்கள்? யாருக்கு ஏணிக்குப் போக நேரம் இருந்தது? 'நான் ஒப்பனை அறையில் இருந்தேன்' என்று ஒருவர் சொன்னால், அதைப் பார்த்த இன்னொருவர் உண்டா? இப்படி ஒவ்வொரு நிமிடமாகக் கணக்கெடுக்கிறார் ஆலன்.

பச்சைக்கல் பதக்கம்

கதையில் இன்னொரு பொருளும் உண்டு. கதாநாயகிக்குப் பிறந்தநாள் பரிசாக ஆலன் ஒரு 'டிக்கி' கொடுக்கிறார். டிக்கி என்பது மாவோரி மக்கள் பச்சைக்கல்லில் மனித உருவமாகச் செதுக்கும் பதக்கம். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கிடைக்கும் அந்தக் கல்லுக்கு 'பொனாமு' என்று பெயர். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் காப்பாற்றி வரும் மதிப்புமிக்க பொருள் அது.

நடிகர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக் கேலி பேசிச் சிரிக்கிறார்கள். விருந்தில் ஒரு மாவோரி மருத்துவரும் இருக்கிறார். அவர் எதிரிலேயே அவர் முன்னோரின் பொருளைக் கேலி செய்கிறார்கள்! படிக்கும்போது நமக்கே சங்கடமாக இருக்கிறது. பிறர் புனிதமாக நினைப்பதைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு அநாகரிகம் என்பதை அந்த இடம் சொல்லிவிடுகிறது.

ஆனால், ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுதிய நையோவும் அந்தக் காலத்து மனுஷிதான். மாவோரி மக்களைப் பற்றி அவரே எழுதிய சில வர்ணனைகள் இன்று படிக்கும்போது முகம் சுளிக்க வைக்கின்றன. பழைய புத்தகங்களைப் படிக்கும்போது நல்லதை எடுத்துக்கொண்டு, தவறைத் தவறு என்று அறியவும் வேண்டும்.

எழுத்தாளரும் ஏமாற்றக் கூடாது

துப்பறியும் கதை என்பது எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடக்கும் விளையாட்டு. விளையாட்டு என்றால் விதி வேண்டும் அல்லவா? இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற எழுத்தாளர் 1929இல் 10 விதிகளை எழுதினார். துப்பறிவாளரின் கண்ணில் படும் தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும். பேய், மந்திரம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. முன்பே வாசகரைத் தயார்ப்படுத்தாமல், கடைசியில் திடீரென்று 'இரட்டைப் பிறவி' என்று சொல்லக் கூடாது. நம் சினிமா டைரக்டர்கள் சிலர் கவனிக்க!

எனவே, கயிறு, எடை, ஏணி, பச்சைக்கல் எல்லாம் வாசகர் கண்ணிலும் படுகின்றன. ஆலனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். ஆனாலும் அவர் கண்டுபிடிக்கிறார், நாம் தவறவிடுகிறோம்! ஏன்? நாம் எடைக்குப் பதிலாக முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான்.

'கொலையாளி யார்?' என்றுதானே கேட்கிறீர்கள்? ம்ஹூம்! சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்காக எழுதிய நாவல் இது. நீங்கள் வளர்ந்தபின் நீங்களே படித்துக் கண்டுபிடியுங்கள்.

நான் செய்த தவறு

இந்த நாவலைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆண்டு விழா. அதில் ஒரு ராஜா கதை நாடகம். விழாவுக்கு முதல் நாள் மாலை ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, படுதா 'தொபுக்'கென்று அறுந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்றிருந்தான். வகுப்பிலேயே பெரிய வாலு என்று பெயர் வாங்கியவன்.

"நீதானே பிடிச்சு இழுத்தே?" என்றேன்.

"நான் தொடவே இல்லை சார்" என்றான். குரல் நடுங்கியது. தலையைக் குனிந்துகொண்டான். தப்பு செய்ததால்தான் நடுங்குகிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நாடகத்தில் அவனுக்குக் காவலன் வேஷம். இரண்டே வரி வசனம். அதை வாங்கி வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

விழா முடிந்த மறுநாள் பந்தல்காரர் சாமான்களை எடுத்துப்போக வந்தார். அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இழுத்து அறுந்தது இல்லை சார். தேய்ஞ்சு அறுந்தது. நுனி பஞ்சு பஞ்சா இருக்கு பாருங்க. கப்பி துருப்பிடிச்சுக் கிடக்கு, அதுதான் அறுத்திருக்கு" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. அந்தக் கயிறு இரண்டு நாளாக என் மேசைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை! பையனின் முகத்தைத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், எல்லா மாணவர்கள் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றான். ஆனால், விழா முடிந்துவிட்டதே! அந்த இரண்டு வரி வசனத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

உங்கள் வகுப்பிலும் பேனா காணாமல் போகும், ஜன்னல் கண்ணாடி உடையும். உடனே எல்லாரும் ஒருவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் மட்டும் ஆலன் மாதிரி, 'முதலில் கயிற்றைப் பார்ப்போம்' என்று சொல்லுங்கள். ஒருவருடைய கண்ணீர் மிச்சமாகும்.

நாடகத்தை விடாதவர்

நையோ மார்ஷ் கடைசிவரை நாடகத்தை விடவில்லை. கிறைஸ்ட்சர்ச் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். 1943இல் 'ஹாம்லெட்' நாடகத்தை அந்தக் கால நவீன உடையிலேயே நடிக்க வைத்தார். 1949இல் மாணவர் குழுவை ஆஸ்திரேலியாவுக்கே அழைத்துச் சென்றார். அதே ஆண்டில் அவருடைய 10 நாவல்கள், ஒவ்வொன்றும் 1 லட்சம் பிரதிகள், ஒரே சமயத்தில் வெளியாயின. மொத்தம் 10 லட்சம்! புத்தகத்தில் புகழும் பணமும் வந்தாலும், மாணவர்களோடு மேடையில் நிற்பதே அவருக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. 1966இல் இங்கிலாந்து அரசு 'டேம்' பட்டம் அளித்தது.

1982 பிப்ரவரியில் தம் 86ஆம் வயதில் காலமானார். அந்த ஆண்டு வெளிவந்த அவருடைய கடைசி நாவலும் நாடக அரங்கில் நடக்கும் கதைதான்! கிறைஸ்ட்சர்ச்சில் அவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறார்கள். 2010 முதல் அவர் பெயரில் நியூசிலாந்தின் சிறந்த குற்றப்புனைவு நூல்களுக்கு விருதும் வழங்கப்படுகிறது.

செய்து பாருங்கள்!

தேவையானவை: காலியான நூல்கண்டு உருளை, பென்சில், ஒரு மீட்டர் நூல், ஒரே அளவுள்ள இரண்டு காகிதக் கோப்பைகள், ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகள் 10.

* உருளையின் துளையில் பென்சிலைச் செருகி, இரு முனைகளையும் நண்பனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதுதான் கப்பி.

* நூலின் இரு முனைகளிலும் கோப்பைகளைக் கட்டி, உருளையின் மேல் தொங்கவிடுங்கள். கீழே ஒரு தலையணை இருக்கட்டும்.

* ஒன்றில் 5 கோலியும் மற்றதில் 4 கோலியும் போடுங்கள். 5 கோலி உள்ள கோப்பையை உயரத்தில் பிடித்து, மெல்லக் கையை எடுங்கள். இறங்கும் நேரத்தைக் கவனியுங்கள்.

* பிறகு, 4 கோலிகளையும் எடுத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். இப்போது என்ன ஆயிற்று?

* 5 கோலிக்கு எதிராக 5 கோலி வைத்தால் என்ன ஆகும்? செய்து பார்க்கும் முன்பே விடையை நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு சரிபாருங்கள்.

தவறாக இருந்தாலும் பரவாயில்லை. கயிற்றைப் பார்த்துத் திருத்திக்கொண்டால் போதும். இத்தனை வயதுக்குப் பிறகு நானும் அதைத்தானே கற்றுக்கொண்டேன்!